எழுத முடியாத சிடி

படிக்கும் காலத்தில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு தமிழரின் இணையக் கடையில் வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் என்ற பெருமை எனக்கு அதிகம். வைரஸ் தொல்லை தாங்காமல், கடைக் கணினிகளின் வன்தட்டுகளைக் கழற்றிவிட்டு, இயங்குதளம் முழுவதையும் சுருக்கி எழுதிய சிடியிலிருந்து அவற்றை இயக்கினேன். அந்தச் சிடியிலிருந்து வாசிக்கலாம். அதில் எதையும் எழுத முடியாது. வருகிறவர்கள் தட்டுவதெல்லாம் மின்சாரம் நின்றால் அழிந்துவிடும்.

ஒரு மாலை கன்னம் வீங்கிய ஓர் அக்கா வந்தார். தான் ஒளிந்திருக்கும் இடத்தைத் தங்கைக்கு மின்னஞ்சலில் எழுத வேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருந்தவர், தெருவில் கணவனைக் கண்டதும் பின்கதவால் ஓடினார். அவன் உள்ளே பாய்ந்தபோது எழுத்து திரையிலேயே இருந்தது. நான் கணினியின் மின்கம்பியைக் காலால் இழுத்துக் கழற்றிவிட்டேன்.

"ஏன்டா நிப்பாட்டினனி?" என் தலையை மேசையில் மோதினான். "அவள் எழுதினதை எடுத்துத் தா!"

"அழிஞ்சு போச்சு அண்ணை. திருப்பி எடுக்க ஏலாது."

"பெரிய படிப்புப் படிக்கிறியாம், இது ஏலாதோ?" மூக்கில் குத்தினான். இரத்தம் வாய்க்குள் வந்தது. அக்கா இருந்து எழுதிய கதிரையைத் தூக்கிக் கணினியை உடைத்துத் திறந்தான். உள்ளே வன்தட்டு இல்லை, அந்தச் சிடிதான் இருந்தது. அதை முறித்து என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனான்.

கடைக்காரர் என்னை வீரன் என்று எல்லோருக்கும் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த எழுத்தை மீட்க ஒரு வழி இருந்திருந்தால், அடுத்த குத்து விழுமுன் மீட்டுக் கொடுத்திருப்பேன்.