மேஜைக்குள் தெரிந்த முகம்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போனது என் கூடப் பிறந்த அக்கா. அவளை வைத்துக் கதை கட்ட வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

அக்கா புருஷன் பாலிஷ்காரர். வார்னிஷ் அடித்த மேஜை, பீரோக்களைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிவிடுவார். அதில் மனிதருக்கு அப்படியொரு பிடிவாதம். "ஈ உக்காந்தா வழுக்கி விழணும்" என்பார். "ஈ மட்டுமா விழும்? வைக்கிற தட்டும்ல விழும்!" என்று அக்கா வாருவாள்.

அந்த அக்காதான் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்துவிட்டார். சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ளே விடுவார்கள். அப்போதும் அவள் பாதி முகத்தை ஆக்சிஜன் மாஸ்க் மூடியிருக்கும். "ஒரு தடவை அவ மூஞ்சிய முழுசா பாத்துட்டா போதும்டா" என்று மாமா என்னிடம் அழுதார்.

ஒரு நாள் மத்தியானம் மாமா இருப்புக்கொள்ளாமல், என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுத் தன் பட்டறைக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் வெகுநாள் கழித்துச் சொன்னபடியே சொல்கிறேன்.

வார்னிஷ் காய்ந்த சாப்பாட்டு மேஜை ஒன்று தேய்ப்புக்குக் காத்திருந்தது. தண்ணீர் தொட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தார். பலகை வெளுத்து மங்கியது. முதலில் அப்படித்தான் ஆகும். பிறகு நுரைக்கல் தூளை எண்ணெயில் குழைத்து, கம்பளித் துணியால் வட்டம் வட்டமாக... சர்ர்... சர்ர்... மெதுவாகப் பளபளப்பு எழுந்தது.

மேலே தகரக் கூரை. மேஜையில் அது தெரிய வேண்டும். தெரியவில்லை. வெள்ளையாக வேறு ஏதோ தெரிந்தது.

கட்டில்.

அண்ணாந்து பார்த்தார். கூரைதான். குனிந்தார். கட்டில்தான். அதில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். மாஸ்க் இல்லை. ஆனால் முகம் மங்கலாக இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஓட்டம் பிடித்திருப்பார்கள். மாமாவுக்கோ, மங்கலாக இருந்தால் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்.

தேய்த்தார்.

நெற்றி தெளிந்தது. புருவம் தெளிந்தது. அக்காதான்!

வார்னிஷ் மெல்லிய தோல். ஒரே இடத்தில் தேய்த்தால் அறுந்து மரம் வெளியே வந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரமே சொல்லித் தருகிற பாடம் இது. அன்று மாமாவின் கை இடம் மாறவில்லை. முகத்தின் மேலேயே ஓடியது.

அவள் உதடு அசைந்தது.

"என்னடி? என்ன சொல்ற?"

சர்ர்... சர்ர்...

தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

இன்னும் கொஞ்சம்...

இன்னும் கொஞ்சம்...

சரக்.

துணி சொரசொரத்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் மரம்.

செல்போன் அடித்தது. மணி மூன்று இருபது. கூப்பிட்டது நான்தான்.

"மாமா... வாங்க. அக்கா போயிட்டா."

உடலை வாங்கப் போனபோது நர்ஸ் எங்கள் இருவரையும் ஓரமாக அழைத்தார். மேஜையைப் பற்றி மாமா அதுவரை யாரிடமும் மூச்சுவிட்டிருக்கவில்லை.

"மூணு மணி வரைக்கும் அமைதியாத்தான் இருந்தாங்க. திடீர்னு மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுட்டாங்க. மேல பாத்துக்கிட்டு ஒரே புலம்பல்."

"என்ன சொன்னா?" என்றார் மாமா.

"எரியுது, போதும்னு அவர்கிட்ட சொல்லுங்கன்னாங்க. இங்க யாரும் இல்லம்மான்னு சொன்னேன். கேக்கல. 'என் மூஞ்சியத் தேய்க்கிறாரு... நிறுத்தச் சொல்லுங்க'ன்னு கத்தினாங்க. அதோட மூச்சு நின்னுடுச்சு."

மாமா தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முகத்தைப் பாக்குறீங்களா?" என்று நர்ஸ் துணியின் நுனியைப் பிடித்தார்.

வேண்டாம் என்று மாமா தலையசைத்தார்.