கொழுப்புச் சட்டியும் பூக்காரி சரோஜாவும்

மாட்டுக்கறிக் கடையில் கறி தானாக விற்றுப்போகும். கொழுப்பை உருக்கத் தெரிந்தவன்தான் கடைக்காரன். மீன், கருவாடு, தோல் என்று வாசனையுள்ள தொழில் பார்த்து அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். எல்லாம் தொண்ணூறுகளில், திருவண்ணாமலையில் நடந்தது.

பக்கத்து வீடு

கடை மெயின் ரோட்டில். உருக்குவது சந்தில், என் வீட்டு வாசலில். குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்புதான் உசத்தி. பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் கருகும். வடிகட்டி ஆறவிட்டால் மெழுகு மாதிரி வெள்ளை. மாதக்கணக்கில் கெடாது. இதைவிட யோக்கியமான பண்டத்தை நான் பார்த்ததில்லை.

வாசனைதான் தகராறு. பக்கத்து வீட்டு சரோஜா பூ கட்டுகிறவள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டத்துக்கு அடி அண்ணாமலையில் விற்பாள். அந்த ஒரு நாள் வியாபாரம்தான் அவள் வீட்டுக்கு மாதச் சோறு. மல்லிகையோ, பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வாங்கிக்கொள்ளும். ஒரு பௌர்ணமியன்று நான் உருக்கினேன். அவள் பூ அத்தனையும் திரும்பி வந்தது. கூடையோடு என் வாசலில் நின்றாள். அவள் பக்கம் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

"மோந்து பாருங்கண்ணா. இது பூவா, உங்க சட்டியா? இன்னொருவாட்டி பௌர்ணமியில அடுப்பு எரிஞ்சா முனிசிபாலிட்டிக்குப் போவேன். அடுப்பைப் பேத்து எடுத்துட்டுத்தான் மறுவேலை!"

மூடி போட்ட டப்பா

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். கொழுப்பு வாங்க வருகிறவர் அதன் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார். மூடி போட்ட டப்பாவை நீட்டி, "அது இருக்கா?" என்பார். நானும் "இருக்கு" என்பேன். முடிந்தது.

கீழ்பென்னாத்தூர் விவசாயி ஒருவர் அப்படித்தான் வந்தார். மோட்டார் பம்பில் தண்ணீர் ஒழுகுகிறது, வேர்க்கடலை காய்கிறது. பம்புக்குள் சுழலும் தண்டைச் சுற்றி அடைக்கிற கயிற்றைக் கொழுப்பில் தோய்த்து வைத்தால் ஒழுகல் நிற்கும். தண்டும் தேயாது. சொல்லிக் கொடுத்தேன். டப்பாவைத் துண்டில் சுற்றி, அதன்மேல் கீரைக் கட்டு ஒன்றை வைத்தார். இவ்வளவு மறைப்பு எதற்கு என்று கேட்டேன்.

"மோட்டாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும்!"

உருளைக்கிழங்கு

செங்கம் ரோட்டில் வாடகை அறையில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். தியானம் பண்ண வந்தவர். தன் ஊரில் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்களாம். நாக்கு அதற்கே ஏங்கியது. அறையை வாடகைக்கு விட்டவர் வீட்டில் முட்டைகூட நுழையாது. கிழங்கோடு நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

என் மனைவி கன்னியம்மா பொரித்துப் போட்டாள். ஒருமுறை வேகவிட்டு எடுத்து, ஆறியதும் மறுபடி போட வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே மாவு. எந்த எண்ணெயிலும் அந்தப் பதம் வராது. வீட்டில் இருந்த கடைசிச் சட்டிக் கொழுப்பும் தீர்ந்தது. மறுநாள் பௌர்ணமி; எனக்கு நினைவில்லை. தியானத்துக்கு நேரமாகவில்லையா என்று கேட்டேன்.

"தியானம் எங்கேயும் போகாது. அம்மா, இன்னும் ஒரு தட்டு!"

அடிபம்பு

பௌர்ணமி காலையில் சந்தின் ஒரே அடிபம்பில் வெறும் காற்று வந்தது. சரோஜா வீட்டில் இரண்டு மூட்டை மல்லி. தண்ணீர் தெளிக்காவிட்டால் சாயங்காலம் சருகு. ரிப்பேர்க்காரர் காசிம் பாய் கழற்றிப் பார்த்தார். உள்ளே தோல் வாஷர் கிழிந்திருந்தது. புது வாஷர் கட்டை மாதிரி விறைப்பு. வெதுவெதுப்பான கொழுப்பில் ஊறினால்தான் வளைந்து குழாயோடு ஒட்டும். சட்டியைக் கேட்டார். தீர்ந்துவிட்டது, பச்சைக் கொழுப்பைத்தான் உருக்க வேண்டும் என்றேன். சந்தே சரோஜாவைப் பார்த்தது.

"வேற எண்ணெய் ஆவாதா பாய்?" என்றாள்.

"ஆவும். ரெண்டு நாள் ஊறணும். பௌர்ணமியைத் தள்ளி வெச்சுக்கிறியாம்மா?"

"சாமிக்குப் போற பூவு பாய்! இந்தத் தண்ணியை எப்படித் தெளிக்கறது?"

"பழைய வாஷர் மட்டும் இன்னா, பாலுல ஊறுச்சா? அதுவும் இவரு சட்டியிலதான் ஊறுச்சு."

சரோஜா மூட்டைகளைத் தூக்கிப்போய், சட்டி வாசனை எட்டாத தெருக்கோடியில் தங்கை வீட்டில் வைத்தாள். திரும்பி வந்து, "பத்தவைங்கண்ணா, சீக்கிரம்" என்றாள். பற்றவைத்தேன். மதியத்துக்குள் தண்ணீர் கொட்டியது. கன்னியம்மாவும் சேர்ந்து குடம் சுமந்தாள். மறுநாள் சரோஜா காலிக் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி ஒண்ணும் கேக்கல. கேட்டா நான் சொல்லிக்கிறேன். நீங்க பௌர்ணமிக்கு முன்னாடியே ஒரு டப்பா உருக்கித் தனியா வெச்சுடுங்க. அதையும் அந்த வெள்ளைக்காரனுக்குப் பொரிச்சுப் போட்டீங்க, அப்புறம் முனிசிபாலிட்டிதான்!"

அடுப்பு இன்றும் சந்தில்தான் இருக்கிறது. அது என்றைக்கு எரிய வேண்டும் என்பதை மட்டும் ஒரு பூக்காரி முடிவு செய்கிறாள்.