வசதியான நாட்டில் அம்மாவுக்கு என்ன வேலை?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு விசா விண்ணப்பம் நிரப்பித் தருவது, ஒரு வரி தவறினாலும் ஓராண்டு ஏக்கத்தை வீணாக்கிவிடக்கூடிய தொழில். அருப்புக்கோட்டையில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். கல்லூரியில் பொருளியல் படித்தபோது, பணக்கார நாடுகளைத் தலா வருமானத்தைக் கொண்டு ஒப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு, அங்கே இப்போது விடிந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் எனக்கும் அந்த அளவுகோல் போதாது.

பல்வலி

பாளையம்பட்டிப் பலசரக்குக் கடை அண்ணாச்சியின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். மகன் வீட்டில் எத்தனை கார், எத்தனை குளியலறை என்று அண்ணாச்சி என் அலுவலகத்தில் காத்திருப்பவர்களிடம் விவரிப்பது வழக்கம். சென்ற ஆண்டு அந்த மகனே ஊருக்கு வந்திருந்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு அங்கே கேட்ட தொகையில், விமானத்தில் வந்து இங்கே சரிசெய்துகொண்டு திரும்பினாலும் மிச்சமாகுமாம். அன்று அண்ணாச்சி குளியலறைகளைப் பற்றிப் பேசவில்லை.

"அவனுக்குப் பல்லு வலிச்சா பிளேனேறி வாரான். எனக்கு நெஞ்சு வலிச்சப்ப வீடியோலதேன் வந்தான்" என்றார்.

சுக்கும் மிளகும்

பரளச்சி கிராமத்துப் பேச்சியம்மாள் அக்கா, களையெடுத்தும் கதிரறுத்தும் மகனையும் மகளையும் பொறியியல் படிக்க வைத்தவர். மகன் அமெரிக்காவில், மகள் ஜெர்மனியில். மகளுக்கு முதல் பிரசவம் நெருங்கியபோது, சுக்கு, மிளகு, கருப்பட்டி எல்லாவற்றையும் துணியில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தார். விண்ணப்பத்துக்கு மகளின் அழைப்புக் கடிதம் தேவை என்பதால், என் கைப்பேசியிலேயே பேச வைத்தேன்.

மகள் கடிந்து பேசவில்லை, பொறுமையாகவே விளக்கினாள். பிரசவத்துக்குப் பின் செவிலி வீடு தேடி வருவாராம். கணவருக்கும் விடுப்பு, அதற்கு அரசின் உதவித்தொகை. ஓராண்டு கழிந்தால் குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகம். "நீ எதுக்கும்மா இந்தக் குளிர்ல வந்து கஷ்டப்படணும்?" என்று முடித்தாள்.

கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, அக்கா முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

"எல்லாத்தையும் கவருமெண்டே பாத்துக்கிருதாம் தாயி. ஆத்தாளையும் அதுவே குடுத்துருச்சுன்னா சோலி முடிஞ்சுச்சு."

இரண்டு ஆடுகள்

எட்டு மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து அக்காவின் மகன் கூப்பிட்டான். மருமகள் பிரசவமான மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்ப வேண்டும். அங்கே காப்பகத்துக்கு வீட்டு வாடகை அளவுக்குக் கேட்கிறார்களாம். நான் கேட்பதற்கு முன்பே அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. மகளிடம் போக ஆசைப்பட்ட அக்கா, மகனுக்குத் தேவைப்பட்டதால் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்.

சென்னையில் நேர்காணல். திரும்பி வருவார் என்று விசா அதிகாரியை நம்பவைக்க நிலப் பத்திரம் இருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தேன். அக்காவுக்கு ஏது நிலம்? களையெடுத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் நான்காம் முறைதான் ஏற்றதாம். ஆனாலும் விசா கிடைத்துவிட்டது. எப்படி என்று கேட்டேன்.

"திரும்பி வருவியான்னு கேட்டாக. ரெண்டு ஆட்டப் பக்கத்து வீட்டுல கட்டிட்டு வந்துருக்கேன், வராம எங்க போவேன்னேன்."

பதவி உயர்வு

ஆறு மாதம் பேரனைத் தூக்கிச் சுமந்துவிட்டு அக்கா திரும்பினார். ஓராண்டு சென்றதும் பாஸ்போர்ட்டுடன் மறுபடி வந்தார். பேரன் இப்போது பேசுவானாம். தன்னை மறப்பதற்குள் ஒருமுறை போய்வர வேண்டுமாம். மகள் பிள்ளையையோ அவர் இன்னும் தொட்டுப் பார்த்ததில்லை.

முன்பு கிடைத்த விசா ஒருமுறை போய்வர மட்டுமே என்பதால், புதிதாக அழைப்புக் கடிதம் கேட்டு மகனுக்குச் செய்தி அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. இருவருக்கும் பதவி உயர்வு. காப்பகச் செலவில் பெரும்பகுதியை மருமகளின் நிறுவனமே தருகிறது. இனி அம்மா சிரமப்பட வேண்டியதில்லை. ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் எழுந்தார்.

"அவனுக்கும் வசதி வந்துருச்சு தாயி. இனி அங்கயும் எனக்குச் சோலியில்ல."

நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை வரிசைப்படுத்துகிறவர்கள் இனி அதிகம் சிரமப்பட வேண்டாம்: பெற்றவளுக்கு அழைப்புக் கடிதமே வராத நாடு எதுவோ, அதையே முதலிடத்தில் எழுதிவிடலாம்.