கட்டியவனே அவிழ்க்க வேண்டிய கொடி

அம்மாவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. மருத்துவமனைப் படுக்கையிலும் கால்விரல்கள் போர்வைக்குள் அசைந்துகொண்டே இருந்தன. அவை நின்றதைப் பார்த்துத்தான் நான் செவிலியரைக் கூப்பிட்டேன். இது மார்ச் மாதம்.

அவள் பெயர் நோரீன் டன்னிக்ளிஃப். இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் போலீஸ் கான்ஸ்டபிள். எங்கள் ஊர்க் கால்பந்து ரசிகர்களில் யார் அடிதடிக்காரன், யார் வெறும் வாய்ச்சவடால் என்று தெரிந்து வைத்திருப்பது அவள் வேலை. இங்கிலாந்து அணி வெளிநாட்டில் ஆடும்போது சீருடை இல்லாமல் அவளும் கூடவே போவாள். அந்த ஊர்ப் போலீசின் பக்கத்தில் நின்று, இவனைப் பிடியுங்கள், அவனை விடுங்கள் என்று சொல்ல வேண்டும். ரசிகர்களுக்கும் அவளைத் தெரியும். பீர் வேண்டுமா என்று கேட்பார்கள்.

நான் குடிநீர்க் குழாய்ப் பொறியாளன். அழுத்தம் ஏறும்போது எந்த வால்வைத் திறப்பது என்பது என் தொழில். அவளுடையதும் அதுவே. அவளிடம் வால்வு இல்லை, வாய்ச்சொல் மட்டுமே இருந்தது.

அம்மா சாவதற்குச் சில வருடங்கள் முன்பு, கோடைத் தொடக்கம். பெல்ஜியத்தில் ஒரு சின்ன ஊர். மாலையில் ஆட்டம். மதியமே சதுக்கம் நிரம்பிவிட்டது. இதில் பாதி அம்மா சொன்னது, பாதி பின்னால் ஹெட்லி என்ற ரசிகன் சொன்னது. எங்கள் ஆட்கள் வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட இங்கிலாந்துக் கொடிகளை, அவரவர் ஊர்ப் பெயர் எழுதியவற்றை, போர் நினைவுத்தூணைச் சுற்றிய கம்பிவேலியில் கட்டியிருந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது அவமரியாதை. இரண்டு போலீஸ்காரர்கள் கத்தியால் ஒரு கொடியை அறுத்தார்கள். உடனே நாற்காலிகள் பறந்தன. தண்ணீர் பீய்ச்சும் வண்டி மூலையில் வந்து நின்றது.

அந்த ஊர்க் கமாண்டர் லம்பிரெக்ட் மிச்சக் கொடிகளையும் அறுக்கச் சொன்னார்.

"துணிய மட்டும் தொடாதீங்க சார்," என்றாள் அம்மா. "கொடி இன்னொருத்தன் கைக்குப் போச்சுன்னா அவங்களால ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது. மண்டை உடைஞ்சாலும் சரின்னு மேல விழுவாங்க. கட்டுனவனே அவுக்கணும்."

"இவ்ளோ குடிச்சவங்க அவுப்பாங்களா மேடம்?"

"நான் கேட்டா அவுப்பாங்க. ஆனா அதுக்கப்புறம் யாரு மேலயும் கை வைக்கக் கூடாது. ஒத்துக்கிறீங்களா?"

"சரி," என்றார் அவர்.

அவள் தனியாகக் கூட்டத்துக்குள் நடந்தாள். வேலிமேல் உட்கார்ந்திருந்தான் ஹெட்லி கோப். கூரை வேய்பவன். இளவயதில் அடிதடிக்காகச் சிறைக்குப் போனவன். அவன் அவிழ்த்தால் மற்றவர்களும் அவிழ்ப்பார்கள்.

"என்ன நோரீன், எங்களக் குளிப்பாட்ட வண்டி கொண்டாந்திருக்கியா?"

"நீ குளிச்சே ஒரு வாரம் ஆச்சு போல, கண்ணு. அங்கிருந்தே மூக்கத் துளைக்குது. கொடியக் கழட்டு."

"அவனுங்க முன்னாடியா? அதுக்கு என் பேண்ட்டக் கழட்டுவேன்."

"அந்தக் கண்றாவி யாருக்கு வேணும். கொடி போதும். மடிச்சு உன் பைக்குள்ள வச்சுக்கோ. யாரும் தொட மாட்டாங்க."

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேன்."

ஹெட்லி வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். இறங்கி முடிச்சை அவிழ்த்தான். கொடியை நான்காக மடித்துவிட்டு மற்றவர்களை அதட்டினான்: "என்னடா வேடிக்கை, உங்க அம்மா வந்து மடிச்சுத் தருவாங்களா?" சிறிது நேரத்தில் வேலி காலியானது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு மட்டும் கால் தரிக்கவில்லை. வண்டி ஏன் இன்னும் பின்வாங்கவில்லை?

லம்பிரெக்ட்டின் ஆட்கள் தெருமுனைகளை அடைத்தார்கள். பையில் மடித்த கொடி வைத்திருந்தவர்களை எல்லாம் தனியே இழுத்தார்கள். கைகளில் விலங்குக்குப் பதில் பிளாஸ்டிக் பட்டை. ஆட்டம் பார்க்காமலே ஊருக்குத் திரும்பும் விமானம். அம்மா லம்பிரெக்ட்டிடம் ஓடினாள். "மேலிடத்து உத்தரவு மேடம்," என்று அவர் வேறு பக்கம் பார்த்தார்.

ஹெட்லியைத் தரையில் உட்கார வைத்திருந்தார்கள். அவன் திட்டவில்லை. "நீ சொன்ன, நோரீன்," என்றான்.

அந்தக் கோடை முழுக்க அவள் வீட்டுக்குள் நடந்தாள். சமையலறை, பின்கதவு, மறுபடி சமையலறை. டீ போடுவாள், குடிக்காமல் கொட்டுவாள்.

"அந்தக் கமாண்டர் ஏமாத்துனதுக்கு நீ என்னம்மா பண்ணுவ?" என்றேன்.

"ஹெட்லி அந்தாள நம்பி அவுக்கல. என்னைய நம்பி அவுத்தான்."

இலையுதிர்காலத்தில் கோர்ட். ஹெட்லி இனி எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்று எங்கள் போலீஸே தடை கேட்டது. சாட்சி அம்மா. அவன் வேலிமேல் ஏறியிருந்தான், பழைய வழக்கு உண்டு. அதை மட்டும் சொன்னால் போதும் என்றார் அவளுடைய இன்ஸ்பெக்டர். அவள் மீதியையும் சொன்னாள். தான் கொடுத்த வாக்கு, அவன் மடித்த கொடி, சதுக்கம் அடங்கியது அவனால்தான் என்பது. மனு தள்ளுபடியானது.

"நோரீன், நீ எந்தப் பக்கம்?" என்று வராந்தாவில் மறித்தார் இன்ஸ்பெக்டர்.

"சொன்ன சொல்லக் காப்பாத்துன பக்கம் சார். அங்க ஹெட்லி மட்டும்தான் நின்னான்."

கால்பந்துப் பணி போயிற்று. தொலைந்த பொருட்கள் பிரிவில் போட்டார்கள். குடைகள், பல்செட்டுகள்.

சனிக்கிழமை வந்ததும் அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. டிக்கெட் வாங்கி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மைதானத்தில் போலீஸ்காரர்கள் ஆட்டம் பார்ப்பதில்லை, கூட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அவளும் பழக்கத்தில் பந்துக்கு முதுகைக் காட்டி நின்றாள். மேல்வரிசையில் ஹெட்லி. கோர்ட்டுக்குப் பிறகும் அவன் அவளிடம் பேசியதில்லை. அவன் இருந்த இடத்தைத் தவிர எல்லா இடத்தையும் அவள் பார்த்தாள்.

"நோரீன்," என்று அவன் குரல் வந்தது. "ஆட்டம் அந்தப் பக்கம் நடக்குது."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தெரியும் கண்ணு." அம்மா அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். "நீ ஒழுங்கா இருக்கியான்னு பாக்குறேன்."

"சிப்ஸ் திங்கிறேன். அதுக்கும் கேஸ் உண்டா?"

"குடுத்துட்டுத் தின்னா கேஸ் இல்ல."

பொட்டலம் தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி எங்கள் வரிசைக்கு வந்தது. அம்மா நின்றபடியே தின்றாள்.