சீட்டுக்கு அடியில பச்சை பெயிண்ட்

பாபு இன்னிக்கு காலையில போயிட்டான்.

எங்க தோட்டத்துல புல்லு வெட்டுற டிராக்டர் ஓட்டுவானே... நான் கூட கிண்டல் பண்ணி வீடியோ போடுவேனே... அந்த பாபு.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனான். அப்புறம் கிட்னின்னாங்க. நேத்து சாயங்காலம் கூட போன்ல எங்கூட சண்டை போட்டான்.

தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அடையாத்துல ஒரு பெரிய தோட்டத்துல எனக்கும் அவனுக்கும் ஒண்ணா வேலை. ஒரு ஆள் உக்காந்து ஓட்டுற சின்ன டிராக்டர், ரொம்பப் பழசு.

சாவி போட்டா ஸ்டார்ட் ஆகாது. சீட்டுக்கு அடியில சோலனாய்டுன்னு ஒரு குட்டி டப்பா இருக்கு... சாவி திருப்பினா அதுதான் பேட்டரி கரண்டை ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு விடணும். அது வேலை செய்யாம போயி ரெண்டு வருஷம் இருக்கும்.

அதனால ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் வண்டி எடுக்கும். சீட்டுல ஆள் இல்லன்னா இஞ்சின் நின்னுடும், அதுக்கு நான். அவன் பின்னாடி குனிஞ்சு டப்பாவுல இருக்குற ரெண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால சேத்துப் புடிப்பான். பட்டுனு நெருப்பு பறக்கும், வண்டி எடுத்துடும்.

"யக்கா, ஆடாம குந்து. நீ ஆடுனா வண்டியே சாயுது."

"போடா, உன் பொண்டாட்டிய விட நான் ஒல்லிதான்."

"அத்த அவ எதுர்ல சொல்லு பாக்கலாம். அப்பால நாளைக்கு நீ வேலைக்கு வர்றியான்னு நான் பாக்குறேன்."

தெனமும் காலையில இதே கூத்துதான். வாக்கிங் வர்றவங்க நின்னு சிரிச்சுட்டுப் போவாங்க.

அவன் ஆஸ்பத்திரியில படுத்ததும் வண்டியும் படுத்துடுச்சு. அந்த ஸ்க்ரூ டிரைவர் வேலைக்கு வேற எவனும் கிட்ட வரல... புல்லு முழங்கால் உசரம் வந்துடுச்சு.

சூப்பர்வைசர் சார் சொல்லிட்டார். இன்னிக்குள்ள சாவியில ஸ்டார்ட் ஆகலன்னா வண்டி காயலான் கடைக்கு, புல்லு வேலை வெளி கான்ட்ராக்ட்டுக்கு. நாங்க ரெண்டு பேரும் இலை பெருக்கப் போகணும்.

புதுப்பேட்டையில கடை கடையா ஏறி இறங்கி அதே சைஸ்ல புது சோலனாய்டு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் நேத்து போன் பண்ணினேன்.

"வண்டிய எடைக்கு போட வுட்டுறாத யக்கா. நான் வந்து இன்னாத்த ஓட்டுவேன்?"

"வீல் சேர் ஓட்டு."

சிரிச்சான். சிரிச்சு சிரிச்சு இருமினான். "உன்னாண்ட பேசுறதுக்கு ஊசி குத்துற நர்சே மேல்"னு சொன்னான்.

"நாளைக்கு மாட்டிட்டு போன் பண்றேன்டா. இஞ்சின் சத்தத்தைக் காதுல வச்சுக் கேளு"ன்னேன். "மொதல்ல பேட்டரில கறுப்பு வயர கழட்டு, கைய சுட்டுக்காத"ன்னு சொல்லிட்டு வச்சுட்டான்.

இன்னிக்கு காலையில கறுப்பு வயரைத்தான் மொதல்ல கழட்டினேன். பழசைக் கழட்டி புதுசை மாட்டி, வயரை எல்லாம் திரும்ப முடுக்கி, சாவியைத் திருப்பினா... ஒண்ணுமே இல்ல. ஒரு டிக் சத்தம் கூட இல்ல.

அப்போ போன் அடிச்சது. பாபுன்னு பேர் வந்தது.

"இன்னாடா அவசரம்? இன்னும் எடுக்கல, வைடா போனை"ன்னேன்.

அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டி. "அவரு இல்லக்கா"ன்னு சொல்லுச்சு.

"சரிம்மா"ன்னேன். போனை வச்சுட்டு திரும்ப ஸ்பானரைக் கையில எடுத்துட்டேன்.

அழுகை வரல. இப்ப இதை எழுதும்போதும் வரல.

குனிஞ்சு பாத்தா, அந்த டப்பா உக்கார்ற தகடு பூரா பச்சை பெயிண்ட். கெட்டியா, பளபளன்னு.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறது பாபுதான். பிரஷ்ஷை யாரையும் தொட விட மாட்டான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்த பூஜைக்கு சீட்டைக் கழட்டி, டப்பாவையும் கழட்டி, அதுக்கு அடியில எல்லாம் அடிச்சான்.

"அடியில எவன்டா பாக்கப் போறான்?"னு கேட்டேன்.

"நீ மூஞ்சிக்குப் பவுடர் போடுற மாதிரி பாதி பாதியா அடிக்கச் சொல்றியா?"ன்னான்.

அந்த டப்பா வேலை செய்ய எர்த் கனெக்ஷன் அந்தத் தகடு வழியாத்தான் வரணும், டப்பா இரும்பும் தகடு இரும்பும் நேரா ஒட்டணும். நடுவுல பெயிண்ட் இருந்தா எப்படி வரும்...

புது டப்பாவைக் கழட்டிட்டு, உப்புத்தாள் எடுத்துத் தேய்ச்சேன். பச்சை போயி தகடு வெள்ளையா தெரியுற வரைக்கும் தேய்ச்சேன்.

என்னமோ தோணிச்சு. புதுசை ஓரமா வச்சுட்டு, பழைய டப்பாவையே திரும்ப மாட்டினேன்.

சீட்டுல ஏறி உக்காந்து சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பு... எடுத்துடுச்சு.

பழசு கெட்டே போகல. அந்த பூஜைக்கு அப்புறம்தான் சாவி வேலை செய்யாம போச்சு, இப்பத்தான் எனக்கு உறைக்குது. ரெண்டு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு நெருப்பு பறக்க விட்டதெல்லாம் இவன் அடிச்ச பெயிண்ட்டால.

டேய்... இது எப்பேர்ப்பட்ட மேட்டர்னு தெரியுமா உனக்கு? ரிட்டயர் ஆகுற வரைக்கும் இதை வச்சே உன்னை ஓட்டியிருப்பேன்டா. கேன்டீன்ல, வாட்ச்மேன் கிட்ட, உன் பொண்டாட்டி எதிர்ல...

சூப்பர்வைசர் சார் வந்து பாத்தார். "அட, ஓடுதே! என்ன பண்ணுன?"ன்னு கேட்டார். "புது பார்ட் சார்"னு சொல்லிட்டேன். அவர்கிட்ட உன்னை விட்டுக் குடுக்க வாய் வரல.

இங்க எழுதிட்டேன். நம்ம ஆளுங்க சிரிக்கட்டும்.

சாயங்காலம் கண்ணகி நகர்ல எடுக்குறாங்க. தோட்டத்து ஆளுங்க எல்லாம் ஒரே பஸ்ல போறோம், வர்றவங்க மதியமே தோட்டத்து மெயின் கேட்டுக்கு வந்துடுங்க.

வண்டி ஓடுது பாபு. ஒரு ஆளே போதும்.

நீ படுத்துக்கடா.