மசூரியில் என் குறி

இமயமலை அடிவாரத்தில் பார்க்க வேண்டிய ஊர் எது என்று யார் கேட்டாலும் மசூரி என்றுதான் சொல்வேன். நைனிதாலுக்கும் போனேன். ஏரி அழகுதான், படகும் உண்டு. ஆனாலும் மசூரி. மழை முடிந்து ஐப்பசியில் போனால் பனிமலை துலக்கமாகத் தெரியும். சாமி இல்லாத மலைக்கு எதற்குப் போக வேண்டும் என்பவர்களுக்காக இதை எழுதவில்லை. அவர்களுக்கு அப்போதே பதில் சொல்லியாயிற்று.

மலாக்காவில், காஜா பேராங் தெருவில், எங்களுக்குத் தோபிக் கடை, துணி வெளுக்கிற தொழில். மெர்டேக்காவுக்கு முன், அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முன், பத்து பெரெண்டாம் என்ற இடத்துப் பக்கத்து வெள்ளைக்கார வீடுகளின் துணியெல்லாம் எங்களிடம்தான் வரும். ஒரு துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது கம்பளிக் கோட்டு ஒன்றை என் கையில் கொடுத்து, நீயே வைத்துக்கொள் என்றார். முன்பு இந்தியாவில் இருந்தபோது மசூரியில் தைத்ததாம். அந்த மலையைப் பற்றி அரைகுறை மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்துக்கொண்டே பனிமலையைப் பார்க்கலாமாம். வேறு வேலையே கிடையாதாம்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று இருந்தது.

சுதந்திரம் வந்த பிறகு நாங்கள் இந்தியா போக முடிவானது. எங்கள் சனத்துக்குக் கப்பல் என்றால் ஊர். ஊர் என்றால் கோயில், மொட்டை, நிலத்தகராறு. வழியனுப்ப வந்தவர்கள் முன்னால், ஊர்க்காரியம் முடிந்ததும் ரயிலேறி மசூரிக்குப் போகிறோம் என்று சொன்னேன்.  வீட்டுக்காரரின் அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"காசிக்குப் போறேன்னா புண்ணியம். மலையில போயி என்னம்மா பண்ணப் போற?"

"உக்காரப் போறேன் மாமா."

"அதுக்கு நம்ம கடை முக்காலி போதாதா?"

"அதுல உக்காந்தா கொடியில தொங்குற துணிதான மாமா தெரியுது."

எதிர்ச்சாரிக் கரிக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். நம் ஊரில் குளிர், ஐஸைச் சீவித் தருகிற ஐஸ் கச்சாங் கடையிலேயே கிடைக்கிறது, அதைத் தின்றுவிட்டு வீட்டிலேயே நடுங்கலாமே என்றார். அந்த மனிதரின் பேச்சை எப்போது நினைத்தாலும் சிரிப்புதான். ஆனால் என் ஓரகத்தி பெட்டியில் கிடந்த கோட்டைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள்.

"ஊரார் துணியில மினுக்கப் போறியாக்கும்."

அது சுட்டது. எங்கள் தொழிலைப் பார்த்து உலகம் வீசுகிற பழைய ஏச்சு அது. வெளுக்க வந்த கைக்குட்டையைக்கூட நான் தோளில் போட்டதில்லை.

அன்று சாயங்காலமே குறி மையை எடுத்தேன். வெளுக்க வருகிற துணியில் கழுத்துப் பட்டைக்குள் வீட்டுக்கொரு குறி போடுவோம். துரைசாணி வீட்டுக்கு ரெண்டு புள்ளி, ஒரு கோடு. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்த மை போகாது. ஊருக்கெல்லாம் குறி இருக்கும், தோபிக்கு மட்டும் கிடையாது. தன் துணியை யாரிடம் தேடப் போகிறாள்? புள்ளிக்கும் கோட்டுக்கும் பக்கத்தில் அழுத்தமாக ஒரு வட்டம் போட்டேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இனி எவன் கேப்பான்?" என்றார். அவர் பேசினால் அவ்வளவுதான் பேசுவார்.

ரயில் டேராடூன் வரைதான். அங்கிருந்து மசூரிக்கு பஸ் வளைந்து வளைந்து ஏறுகிறது. எலுமிச்சம்பழம் இல்லாமல் ஏறாதீர்கள். மேலே கடைத்தெருவில் வெள்ளைக்காரன் காலத்தில் நம்மைப் போன்றவர்கள் நடக்க முடியாது என்றார்கள். சேலை, செருப்பு, மேலே கோட்டு. நடுரோட்டில் நடந்தேன். தங்கிய விடுதி மேட்டில் இருந்தது. படுக்கை விரிப்பில் கஞ்சி கூடிப்போயிருந்தது, அதையும் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

காலையில் தாழ்வாரத்துக்கு வந்தால், மலையைப் பார்த்த நாற்காலியில் மெட்ராஸ் அம்மாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கிடைத்தது தூணுக்குப் பின்னால் இருந்த நாற்காலி. தமிழ் கேட்ட சந்தோஷத்தில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டேன். கழுத்துப் பட்டை மலர்ந்து கிடந்தது.

"இது வண்ணான் குறியாச்சே. வாடகைக் கோட்டா?" என்றார் அந்த அம்மாள்.

வீட்டுக்காரர் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அதோடு போயிருக்கும்.

"புள்ளியும் கோடும் இதை எனக்குக் கொடுத்த துரைசாணியோடதுங்க. வட்டம் என்னோடது. என் கையால போட்டேன். மலாக்காவுல எங்களுக்குத் தோபிக் கடை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குளிர்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். வெயில் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தேன். பனிமலை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தெரிந்தது. தூணுக்குப் பின்னால் இருந்ததைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு நீங்களும் வாங்க என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.