கீழண்டைக் கருவேலம்

பொன்னேரிக்கு வடக்கே எங்கள் குடும்பத்துக்கு உரிய மேய்ச்சல் தரையைச் சீமைக்கருவேலம் விழுங்கிக்கொண்டிருந்தது. அறுபதுகளின் இறுதி. கல்லூரியில் தாவரவியல் பயின்றவன் என்ற மதிப்பு ஊரில் எனக்கு உண்டு. என் மாடுகளோ விலா எலும்பு தெரிய நின்றன. அதை என்னால் பொறுக்க இயலவில்லை.

விதைக்கத் தீவனப் புல் தேடியபோது கினியாப் புல்லை வேண்டாமென ஒதுக்கினேன்; அது தண்ணீர் கேட்கும். எங்கள் வறண்ட மண்ணுக்குக் கொழுக்கட்டைப் புல்லே தக்கது என்று தேர்ந்து விதை வரவழைத்தேன். முள்மரத்தை வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஆகவே வேரோடு தோண்ட ஆள் வைத்தேன். மேற்கே தொடங்கிய வேலை, ஊரை ஒட்டிய கீழண்டைப் புதரை நெருங்கிய காலையில், பக்கத்துத் தெருக் கிழவி வந்து நின்றாள்.

"இன்னா நைனா, இதையும் வழிக்கப் போறியா?"

"புல் வெதைக்கப் போறோம், ஆயா. மாடு வயிறார மேயும்."

"மாடு மேயும். பொம்பளைங்க எங்க போயி குந்தறது? உன் மாட்டுக்கு எதிர்லயா?"

கூலியாள் ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அத்தனை பேர் முன்னிலையில் இப்படியொரு பேச்சா என்று கொதித்தவாறு வீடு திரும்பினேன். சோறு வடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் கிழவியின் துடுக்கைச் சொன்னேன்.

"அந்த ஆயா வாயத் தொறந்து கேட்டுச்சி. நான் கேக்கல. அவ்ளோதாங்க."

"நீயுமா?"

"வேற எங்க போவேன்? ஆளுங்க நிக்கிற எடத்துல எப்பிடிப் போறது? வேலை ஆரம்பிச்சதிலருந்து பொழுது சாயறவரைக்கும் தண்ணி கூடக் குடிக்காம காத்துக்கினு கெடக்கறேன்."

எந்தப் புல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்பதைத் துல்லியமாக அறிந்திருந்தேன். என் வீட்டில், எனக்குச் சோறு பரிமாறுகிறவள் தாகத்தோடு இருந்ததை அறியவில்லை.

உச்சிப்பொழுதுக்குள் வேலையை நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டேன். எங்கள் கொல்லையில் கழிப்பறைக்குச் செங்கல் வந்து இறங்கியது. ஊர்ப் பெண்களுக்காகக் கீழண்டைப் புதரை அப்படியே விட்டேன். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகளின் சாணத்திலிருந்து கருவேலங்கன்றுகள் புல்லிடையே முளைத்தபடியே இருந்தன. மழை முடிந்ததும் பிடுங்கச் செய்வது வழக்கமாயிற்று.

சில ஆண்டுகள் கழித்து, புல் தரையைக் காண வந்த வேளாண்மை அதிகாரி ஒருவர் வியந்தார். "எல்லாம் அருமை. அந்த முள்ளை மட்டும் ஏன் சார் விட்டுவெச்சீங்க?"

அந்தக் காலையின் அதிர்ச்சி என்னுள் அப்போதும் அடங்கியிருக்கவில்லை.

"கடற்காற்றுக்குத் தடுப்பு," என்றேன்.